பிரிட்டனில் படிக்க வந்திருக்கிறேன், தன்னார்வச் சேவை செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீட்ஸ் நகரில் முதுகலை படித்த காலத்தில் வியாழக்கிழமை தோறும், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் ஒரு ஃபுட் பேங்கில் தன்னார்வச் சேவைக்கு நின்றேன். அதைப் பார்த்து வகுப்பிலும் வீட்டிலும் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். படிப்பு முடிந்தும் கேள்விகள் நிற்கவில்லை. ஒரே சந்தேகத்துக்கு ஏழாவது தடவை வாய்ஸ் நோட் அனுப்பியபோது, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இதில் வரும் விசா விஷயங்கள், ஸ்டூடண்ட் விசாவில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர்களுக்கானவை. விதிகள் மாறக்கூடியவை. எதிலும் சேருவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். வந்த பதிலை அழிக்காதீர்கள்.

அக்கா, நான் காலேஜ்ல என்.எஸ்.எஸ்.ல இருந்தேன். இங்கயும் அதே மாதிரிதானா?

பாதி அதே மாதிரி. நம் ஊரில் 1969-ல் தொடங்கிய என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், கடைசியில் சான்றிதழ் என்று ஒரே அச்சில் ஓடும். சார் விசில் ஊதுவார், எல்லோரும் கூட்டமாகப் போய்க் கருவேலம் வெட்டுவோம், மத்தியானம் தக்காளி சாதம் வரும். இங்கே விசில் ஊத ஆளில்லை. தேவை உள்ள தொண்டு அமைப்புகள் தனித்தனியாக இருக்கும். நீங்களே ஒன்றைப் பார்த்து, விண்ணப்பம் நிரப்பி, சில இடங்களில் ஒரு சின்ன இன்டர்வியூவும் முடித்து, தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத இடத்தில் தனியாகப் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று, முகாம் ஏழு நாளில் முடிந்துவிடும். இங்கே பெரும்பாலும் வாரம் இரண்டு மூன்று மணி நேரம், மாதக்கணக்கில். செப்டம்பரில் எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸும் வராமல் நிற்கும்போதுதான் யார் வருகிறார்கள் என்று தெரியும்.

செய்யலைன்னா மார்க் குறையுமா?

குறையாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். நர்சிங், சோஷியல் வொர்க் போன்ற படிப்புகளில் வரும் பிளேஸ்மென்ட் எனும் களப்பயிற்சி வேறு, அது பாடத்தின் பகுதி. இங்கே நான் அதைப் பேசவில்லை.

எங்க போய்க் கேக்கறது?

முதலில் உங்கள் ஸ்டூடண்ட் யூனியன். வகுப்பு தொடங்கும் வாரத்தில் நடக்கும் சந்தையில் இலவசப் பேனாவும் பீட்சா கூப்பனும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோமே, அதிலேயே தன்னார்வத்துக்கும் ஒரு மேசை இருக்கும். தவறவிட்டாலும் பரவாயில்லை, ஆண்டு முழுக்க ஆள் எடுப்பார்கள்.

அப்புறம் உங்கள் தெருவிலேயே பாருங்கள். தானமாக வந்த துணியும் புத்தகமும் விற்கும் சேரிட்டி ஷாப் இல்லாத கடைத்தெரு இங்கே அபூர்வம். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் ஸ்ட்ரீட்டில் திறந்த கடை இன்றும் இருக்கிறது. கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தால் உள்ளே போய்க் கேட்டுவிடலாம். துணி பிரிப்பது, ஸ்டீமரால் சுருக்கம் எடுப்பது, விலைச்சீட்டு குத்துவது, கல்லாவில் நிற்பது எல்லாம் பழக்கிவிடுவார்கள்.

இரவில் பேச ஆளில்லாமல் தவிக்கும் மாணவர்களின் போனை மாணவர்களே எடுக்கும் நைட்லைன் என்று ஒன்றும் உண்டு. 1970-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் நடக்கிறது. பயிற்சி கடுமை, அங்கே இருப்பதை வெளியே சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஸ்டேட்டஸ் போடுவதற்காகச் சேருகிறவர்களுக்கு ஏற்ற இடமில்லை.

விசாவுல வாரம் 20 மணி நேரம்தானே? ஏற்கெனவே கடையில 18 மணி நேரம் வேலை பாக்கறேன். இதுவும் அதுல சேருமா?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். இங்கே இரண்டு வார்த்தைகள் உண்டு. காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும்: வாலண்டியரிங், வாலண்டரி வொர்க். முதலாவது, படிப்புக்காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற கணக்கில் சேராது. இரண்டாவது சேரும். சம்பளம் ஒரு பைசா வராவிட்டாலும் சேரும்.

வித்தியாசம் என்ன? வாலண்டரி வொர்க்கில் ஒப்பந்தம் மாதிரி ஒரு கட்டு இருக்கும். இன்ன நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், இன்ன வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்பார்கள். பணமாக இல்லாவிட்டாலும் வேறு பொருளாகவோ சலுகையாகவோ கைமாறு இருக்கலாம். வாலண்டியரிங்கில் அந்தக் கட்டு கிடையாது. வர முடியாது என்றால் வர முடியாது, அவ்வளவுதான். சம்பள ஆள் ஒருவரின் இடத்தை நிரப்பவும் கூடாது. பெரும்பாலும் தொண்டு அமைப்பிலோ பொதுத்துறையிலோ இருக்கும். ஆகவே கடை வேலை 18 மணி நேரத்தோடு ஃபுட் பேங்க் மூன்று மணி நேரம் என்றால் பிரச்சினை இல்லை, அது உண்மையிலேயே வாலண்டியரிங்காக இருக்கும்வரை. இல்லையென்றால் கணக்கு 21, விதியை மீறியாயிற்று. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் குறைத்துச் செய்தேன், இந்த வாரம் கூட்டிக்கொள்கிறேன் என்ற சமாளிப்பு எடுபடாது.

முதுகலை மாணவர்களுக்கு இன்னொரு பள்ளம். கோடையில் வகுப்பு இருக்காது. ஆனால் டிஸ்ஸர்டேஷன் எழுதுகிற காலமும் படிப்புக்காலம்தான், அந்த 20 மணி நேர வரம்பு அப்போதும் நிற்கிறது. லீவு என்று நினைத்து முழுநேரம் ஒப்புக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்போ அவங்க கையெழுத்து கேக்கற பேப்பர் ஒப்பந்தம் இல்லையா? பயமா இருக்கே.

தலைப்பைப் பாருங்கள். வாலண்டியர் அக்ரிமென்ட் என்று இருந்து, உள்ளே இது சட்டக் கட்டு அல்ல, நாணயத்தின் பேரிலான உடன்பாடு என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் நல்லது. ஒழுங்கான அமைப்புகள் அந்த வரியைப் போட்டிருக்கும். முந்தைய பதிலில் சொன்ன எல்லைக்கோடு அவர்களுக்கும் தெரியும்.

எனக்கு அந்த வரி மேல் ஒரு தனி மரியாதை. நீ வராவிட்டால் சட்டம் உன்னை ஒன்றும் கேட்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் உன் பெயரைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். நம் ஊரில் வாக்குக் கொடுப்பது என்போமே, அதையேதான் இவர்கள் ஒரு படிவமாக்கி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடும் பஸ் காசும் தர்றாங்க. வாங்கலாமா?

உண்மையில் ஆன செலவைத் திருப்பித் தருவது சரி. டிக்கெட்டைக் காட்டி 4 பவுண்டு வாங்கலாம், ஷிஃப்ட்டின்போது சாண்ட்விச் சாப்பிடலாம். ஆனால் ரசீதே கேட்காமல் நாளுக்கு 15 பவுண்டு என்று கையில் வைத்தால் அது செலவுத் தொகை இல்லை, சம்பளம். கிஃப்ட் கார்டும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் விசாவைக் காரணம் காட்டுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

தெரிஞ்ச அண்ணன் கடை இருக்கு. 20 மணி நேரத்துக்கு மேல வந்தா வாலண்டியர்னு எழுதிக்கறேன்னு சொல்றார்...

வேண்டாம். லாபத்துக்கு நடக்கும் கடையில் வாலண்டியர் என்று எழுதிக்கொண்டால் வேலை சேவையாகிவிடாது. சம்பளமில்லா உழைப்புக்குச் சட்டம் தரும் விலக்கு தொண்டு அமைப்புகள் போன்றவற்றுக்கு மட்டும்தான். 2025 ஏப்ரலில் 21 வயது முடிந்தவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அதைத் தராமல் இருப்பதற்கும் உங்கள் மணிக்கணக்கை மறைப்பதற்கும் ஒரே வார்த்தையைப் பயன்படுத்துகிறார் அண்ணன். முதல் தடவை மாட்டினாலே அவருக்கு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் வரலாம். உங்களுக்கு விசாவே போகலாம். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், கடைக்கு வெளியே வைத்து டீ குடியுங்கள்.

டி.பி.எஸ். செக் பண்ணணும்னு சொல்றாங்க. என்னை ஏன் சந்தேகப்படறாங்க?

உங்களை இல்லை. குழந்தைகள், முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் அருகே வேலை செய்கிற எல்லோரையும் பார்ப்பார்கள். குற்றப் பின்னணி உண்டா என்கிற சோதனை அது. இங்கிலாந்து, வேல்ஸில் டி.பி.எஸ். என்று பெயர், ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. வாலண்டியர்களுக்கு அந்தச் சான்றிதழுக்கு அரசுக் கட்டணம் இல்லை. பணம் கட்டச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

நமக்கு இரண்டு இடங்களில் சிக்கும். ஒன்று முகவரி. கடைசி ஐந்து வருடம் இருந்த இடமெல்லாம் இடைவெளி இல்லாமல் வேண்டும், ஊரில் இருந்த ஹாஸ்டல் உட்பட. இரண்டு, நம் பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், இன்னொரு ஆவணத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே வார்த்தை. பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் போடுங்கள், வேறு பெயர்கள் உண்டா என்ற கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, நான் திரும்பாமல் உட்கார்ந்திருந்த கதையும் உண்டு. வெளிநாட்டுக் குற்றப் பதிவுகளை டி.பி.எஸ். பார்க்க முடியாது. அதனால் சில அமைப்புகள் இந்தியப் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம்.

என் இங்கிலீஷ் சுமார்தான். இவங்க பேசறது பாதி புரியல. சேர்த்துப்பாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள். ஃபுட் பேங்கில் முதல் நாள் ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "யூ ஆல்ரைட், லவ்?" என்றார். எனக்கு முகம் வாடியிருக்கிறது போல என்று நினைத்து, தூக்கமின்மை முதல் தலைவலி வரை விலாவாரியாகச் சொன்னேன். பாட்டி பொறுமையாகக் கேட்டார். அது வெறும் வணக்கம் என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

வகுப்பில் பேராசிரியர் பேசும் ஆங்கிலம் ஒன்று, கடைத்தெரு ஆங்கிலம் இன்னொன்று. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தயக்கம் அதிகமாக இருந்தால் கிடங்கில், தோட்டத்தில், சமையலறையில் ஆரம்பியுங்கள். ஹெல்ப்லைன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபுட் பேங்க்ல என்னதான் செய்வீங்க?

பெரும்பாலும் தேதி பார்ப்போம். சூப்பர் மார்க்கெட்டில் மக்கள் கூடையில் போட்டுவிட்டுப் போகும் டின்களும் பாக்கெட்டுகளும் பெட்டி பெட்டியாக வரும். எடை போட்டு எழுதி, ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதியைத் தேடி, தடித்த மார்க்கரால் மேலே பெரிதாக எழுதி, வகைவாரியாக அடுக்க வேண்டும். பீன்ஸ், தக்காளி, பாஸ்தா, சீரியல், நாள்பட நிற்கும் பால். பெஸ்ட் பிஃபோர் தாண்டினால் ருசி குறையலாம், யூஸ் பை தாண்டினால் தொடவே கூடாது. இந்த வித்தியாசத்தை அங்கேதான் கற்றேன், இன்று வரை என் ஃபிரிட்ஜுக்கும் அதுதான் சட்டம்.

ஃபுட் பேங்குகளில் பெரிய வலைப்பின்னல் டிரஸல். 1997-ல் ஒரு தம்பதி பல்கேரியாவில் தெருவில் கிடந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு. சொந்த ஊரான சாலிஸ்பரியிலேயே பசி இருக்கிறது என்று தெரிந்த பிறகு 2000-ல் அங்கே ஃபுட் பேங்க் திறந்தார்கள். வழக்கமாக டாக்டர், பள்ளி, ஆலோசனை மையம் போன்ற யாராவது வவுச்சர் கொடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பார்த்துக் குடும்ப அளவுக்கு ஏற்ப மூட்டை கட்டுவோம்.

கஷ்டமான வேலை மூட்டை கட்டுவது இல்லை, டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவது. வந்தவர் கண்ணைப் பார்க்க மாட்டார். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்போம். இங்கே அதைக் கேட்க முடியாது, அதற்காகத்தானே வந்திருக்கிறார். வானிலை பற்றிப் பேசப் பழகினேன். பிரிட்டிஷ்காரர்கள் மழையைப் பற்றியே பேசுவதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள் நான். அந்த மேசையில் உட்கார்ந்த பிறகு அதன் அருமை புரிந்தது.

நானே கையில காசில்லாம இருக்கேன். நான் அங்க சாப்பாடு வாங்கினா விசாவுக்குப் பிரச்சினையா?

இதைக் கேட்டவர் மெதுவான குரலில் கேட்டார். பிரச்சினை இல்லை. பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது என்று விசாவில் இருப்பது அரசு தரும் உதவித்தொகை, வீட்டு உதவி போன்ற குறிப்பிட்ட பட்டியலுக்கு. ஃபுட் பேங்க் அறக்கொடை, அந்தப் பட்டியலில் வராது. ஸ்டூடண்ட் யூனியன் ஆலோசனை மையத்தில் வவுச்சர் கேளுங்கள், பல்கலைக்கழகத்தில் அவசர நிதி உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் ஒரு வாரம் அந்தப் பக்கம் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. டீதான் வந்தது.

எத்தனை மணி நேரம் ஒத்துக்கலாம்?

நீங்கள் மனதில் நினைத்திருக்கும் எண்ணில் பாதி. செப்டம்பரில் வாரம் எட்டு மணி நேரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்டோபர் கடைசியில் காணாமல் போகிறவரால்தான் அமைப்புக்குத் தொந்தரவு. அவரை நம்பி வேறு ஆளை எடுக்காமல் இருந்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு மே மாதம் வரை போங்கள்.

சேரும்போதே தேர்வுத் தேதிகளையும் ஊருக்குப் போகும் தேதிகளையும் எழுதிக் கொடுங்கள். டிசம்பரில் மாணவர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவதால் அப்போதுதான் ஆள் தட்டுப்பாடு அதிகம். டிக்கெட் விலை பார்த்து ஊருக்குப் போகாதவர்கள் நம்மில் நிறைய. அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் தங்கம்.

தமிழ்ப் பள்ளியில பாடம் எடுக்கறது, கோயில்ல பரிமாறறது, இதெல்லாம் கணக்குல வருமா?

தாராளமாக, அதுவும் தன்னார்வச் சேவைதான். லண்டனிலும் மற்ற நகரங்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல நடக்கின்றன, பலவற்றைத் தொடங்கியவர்கள் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். குழந்தைகள் இருப்பதால் மேலே சொன்ன டி.பி.எஸ். வரும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று: உங்கள் பேச்சுத் தமிழ்தான் சரி என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைத் திருத்தப் போகாதீர்கள். திருத்தப்பட்டு வருவீர்கள்.

கவனம் வேண்டிய இடம் பணம். வகுப்புக்கு இவ்வளவு என்று தந்தால் அது வேலை, 20 மணி நேரத்தில் சேரும். இன்வாய்ஸ் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் இன்னும் மோசம். அது சுயதொழில், ஸ்டூடண்ட் விசாவில் கூடவே கூடாது. விழாவில் காசு வாங்கிக்கொண்டு பாடுவதும் வாசிப்பதும் அப்படியே. பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதற்குத் தடை ஏதும் இல்லை.

ஆனால் நம்மவர்களோடு மட்டுமே நின்றுவிட்டால், வந்த ஊரைப் பார்க்காமலே திரும்புவீர்கள். இது என் அபிப்பிராயம், விதி இல்லை.

ரத்த தானம்?

நல்லது, ஆனால் நம் ஊர் முகாம் மாதிரி போனவுடனே படுக்க வைக்க மாட்டார்கள். மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் காத்திருப்பும் தனிப் பரிசோதனையும் உண்டு. ஊருக்குப் போய்வந்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள்.

வேலை கிடைக்க உதவுமா? உண்மையைச் சொல்லுங்க.

இதற்காக மட்டும் சேருகிறவர்களைப் பற்றி முகம் சுளிப்பவள் இல்லை நான். கடன் வாங்கிப் படிக்க வந்திருக்கிறோம். உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. சான்றிதழை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இன்டர்வியூவில் கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பார்கள், அப்போது சொல்ல உங்களிடம் ஒரு நிஜக் கதை இருக்கும். சில பல்கலைக்கழகங்கள் பட்டத்தோடு தரும் சாதனை அறிக்கையில் தன்னார்வப் பணியையும் பதிவார்கள், அதற்கு மணிக்கணக்கை அவ்வப்போது ஏற்றி வைக்க வேண்டும். உங்களைத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் ரெஃபரன்ஸ் கொடுப்பார். ஆறு வாரம் வந்தவருக்கும் ஆறு மாதம் வந்தவருக்கும் அவர் ஒரே கடிதம் எழுத மாட்டார்.

சேவை செஞ்சா பி.ஆர். சீக்கிரம் கிடைக்கும்னு வீடியோ பார்த்தேன்.

2025-ல் அரசு முன்வைத்த குடியேற்ற யோசனைகளில் சமூகத் தொண்டும் பேசப்பட்டது, அதை வைத்துத்தான் இந்த வீடியோக்கள் கிளம்பின. யோசனை வேறு, விதி வேறு. ஸ்டூடண்ட் விசா நேராக பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமைக்குக் கொண்டுபோகும் பாதையும் இல்லை. இதை நம்பிச் சேராதீர்கள், இதை நம்பி யாரிடமும் பணமும் கட்டாதீர்கள்.

நாங்க போன இடத்துல சம்பள ஆள் லீவு போட்டா எங்களை அந்த ஷிஃப்ட்ல போடறாங்க. வரலைன்னா கோபப்படறாங்க.

எனக்கும் ஓர் இடத்தில் நடந்தது. முதலில் ஒரு சனிக்கிழமை உதவி கேட்டார்கள், போனேன். பிறகு ரோட்டா எனும் ஷிஃப்ட் பட்டியலில் என் பெயரே ஏறிவிட்டது. அவர்கள் கோபப்பட்டது எனக்கு உறைக்கவில்லை. பெயர் ஏறியதுதான் உறைத்தது. வாலண்டியரிங்குக்கும் வாலண்டரி வொர்க்குக்கும் உள்ள கோட்டைப் பற்றி மேலே சொன்னேனே, அதை அவர்கள் தாண்டுகிறார்கள். அப்போது மாட்டுவது உங்கள் 20 மணி நேரம். ஒரு தடவை நேரில் சொல்லுங்கள், பிறகு மெயிலில் எழுதுங்கள். மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். நான் விட்டேன், அதன் பிறகுதான் ஃபுட் பேங்க் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பறேன். சும்மா போகாம விட்டுட்டா போதாதா?

சட்டப்படி போதும். ஆனால் அடுத்த வியாழன் ஒரு பாட்டி கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். சாவி, பேட்ஜ், ஏப்ரன் எல்லாம் திருப்பிக் கொடுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை, அந்த எடை மெஷினை இரண்டு தடவை தட்டினால்தான் வேலை செய்யும் என்பது போன்றவற்றை, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் அடுத்தவரையே கூட்டிப் போங்கள். நான் திருச்சிப் பையன் ஒருவனைக் கூட்டிப் போய் விட்டேன். உள்ளே நுழைந்ததும் பாட்டி அவனைப் பார்த்து, "யூ ஆல்ரைட், லவ்?" என்றார். அவன் தன் சளித்தொல்லையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.